ஏஜெண்ட் பூட்டி வைத்த லாபம்

3-2-1960, புதன்

காலை பாசஞ்சர் இருபது நிமிடம் தாமதம். விழுப்புரம் ஜங்ஷனில் காப்பி வாங்கினேன். இது பாலா, பால் டம்ளர் கழுவின தண்ணீரா என்று கேட்டேன். கடைக்காரன் முறைத்தான். முறைத்தால் ஆயிற்றா? தினமும் ஓர் அணா வாங்குகிறானே.

திண்டிவனத்தில் கிளைக்குள் நுழைந்தால் மேஜைமேல் ஹெட் ஆபீஸ் தாள். செஞ்சிநாடு பேங்க்கின் ஒவ்வொரு கிளையும் போன வருடம் காட்டிய லாபம். எங்கள் கிளை ஒன்பதாயிரத்து எழுநூறு ரூபாய். அதற்கு முந்தின வருடம் பதினெட்டாயிரத்து நானூறு. கொடுத்த கடன் குறையவில்லை. வட்டி குறையவில்லை. பதினோரு வருடமாக இங்கே நான் அக்கவுண்டன்ட். தினசரிக் கணக்கு முழுவதும் என் கையெழுத்து. அப்படியானால் எட்டாயிரத்து எழுநூறு எங்கே போயிற்று?

மாறியது ஒன்றுதான். கிளைத் தலைவர். பேங்க்கில் அவரை ஏஜெண்ட் என்போம். அரங்கநாதன் போன ஜூனில் வந்தார். வருடக் கடைசிக் கணக்கைத் தனி லெட்ஜர் ஒன்றில் அவரே எழுதுகிறார். அதற்குப் பித்தளைப் பூட்டு. சாவி அவர் அரைஞாண் கயிற்றில். பழைய ஏஜெண்டும் பூட்டித்தான் வைத்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் காலத்தில் லாபம் ஏறிற்று, எனக்கு போனசும் ஏறிற்று.

5-2-1960, வெள்ளி

பெரியதம்பி வந்திருந்தார். மல்லாட்டை மண்டிக்காரர், நிலக்கடலை மொத்த வியாபாரம், கிளையிலேயே பெரிய பார்ட்டி. அவர் கிடங்கு மூட்டைகளின் பேரில்தான் கடன். கிடங்குக் கதவில் அவர் பூட்டு ஒன்று, எங்கள் பூட்டு ஒன்று. இரண்டும் திறந்தால்தான் ஒரு மூட்டை வெளியே வரும். மாதா மாதம் நான் போய் மூட்டைகளைக் கணக்கெடுத்துக் கையெழுத்துப் போடுகிறேன். அதே சரக்கின் பேரில் இன்னும் நாற்பதாயிரம் கேட்டார்.

"சரக்கு நூறு ரூபா பெறும்னா நீங்க அறுபதுதான் குடுக்கறீங்க. விழுப்புரத்துல ஜெயமங்களா பேங்க்குக்காரன் எண்பத்தஞ்சு குடுக்கறான். நான் என்னாத்துக்கு இங்க வந்து நின்னுக்கினு இருக்கணும்?"

ஏஜெண்ட் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, "அங்க குடுத்தா வாங்கிக்குங்க" என்றார்.

"அப்ப உங்க கடன மொத்தமா அடைச்சிட்டுப் போயிடுவேன்."

"ரொம்ப சந்தோஷம்."

சந்தோஷமாம்! வட்டி கட்டுகிற பார்ட்டியை விரட்டிவிட்டுச் சந்தோஷப்படும் பேங்க்காரரை நான் இன்றுதான் பார்த்தேன். ஜெயமங்களாவிலிருந்து இவருக்குக் கமிஷன் வருகிறதா?

9-2-1960

ஏஜெண்ட் பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை. என் கைவிரலையே பார்க்கிறார். ஏன்?

14-2-1960, ஞாயிறு

அக்கா அம்சவள்ளியைத் திருவக்கரை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அத்தான் போன பிறகு அவள் வெளியே கிளம்பியது இதுதான் முதல் தடவை. அத்தான் ரயில்வேயில் ஃபயர்மேன். போன வருடம் மார்பு வலி என்று லோகோ ஷெட்டிலேயே சாய்ந்தார். குழந்தை இல்லை. சந்நிதியில் அக்கா ஒன்றும் கேட்காமல் வெறுமனே நின்றாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

திரும்பும்போது திண்டிவனத்தில் பஸ் மாறவேண்டும். அக்காவை உட்காரவைத்துவிட்டு வாழைப்பழம் வாங்க மண்டித் தெருவுக்குள் போனேன். பெரியதம்பி கிடங்கு திறந்து கிடக்கிறது. இரண்டு பூட்டும்! ஞாயிற்றுக்கிழமை! மண்டி ஆள் ஒருவன் வாசலில் பீடி பிடிக்கிறான். உள்ளேயிருந்து அரங்கநாதன் தலையெல்லாம் தூசியோடு வருகிறார், கையில் கைக்குட்டை மூட்டை. கனமான மூட்டை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்.

வெள்ளிக்கிழமை என் முன்னால் சண்டை, ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்குள் கூட்டு. நன்றாக நடிக்கிறார்கள். பழம் வாங்க மறந்துவிட்டேன்.

20-2-1960, சனி

சாயங்கால ரயிலில் கண்ணையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜெயமங்களா பேங்க் விழுப்புரம் கிளையின் ஏஜெண்ட். எப்போதும் சிரித்த முகம். இஸ்திரி போட்ட சட்டை. அவர்கள் பேங்க்கின் ஆண்டறிக்கையைக் கொடுத்தார். பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. எங்கள் பேங்க் நாலு கொடுத்துவிட்டு மீதியை 'ரிசர்வ்' என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. ரிசர்வாம். யாருக்கு ரிசர்வ்?

"சார், டெபாசிட்டுக்கு நாங்க ஆறரை தர்றோம். உங்காளுங்க நாலு. பணம்னா ஓடிக்கினே இருக்கணும் சார். பூட்டி வெச்சா பூசணம்தான் புடிக்கும்" என்றார்.

அக்காவின் பணம் எங்கள் கிளையில்தான் கிடக்கிறது. அத்தானின் பிராவிடண்ட் ஃபண்ட், நாலாயிரத்து எண்ணூறு. மாதம் பதினாறு ரூபாய் வட்டி. வாடகை பத்து போனால் ஆறு ரூபாயில் அவள் எதைத் தின்பாள்? என் வீட்டுக்கு வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். ஆறரை என்றால் மாதம் இருபத்தாறு.

1-3-1960, செவ்வாய்

எழுதிவிட்டேன். ஹெட் ஆபீஸ் டைரக்டர்களுக்கு மொட்டைக் கடுதாசி. லாபம் பாதியானது, பூட்டிய லெட்ஜர், நல்ல பார்ட்டியை விரட்டுவது, பதினாலாம் தேதி ஞாயிறு மாலை நாலே காலுக்குக் கிடங்கைத் திறந்து மூட்டை கட்டிப் போனது. இடது கையால் எழுதியதில் ஐந்து காகிதம் வீண். ஊர் முத்திரை தெரியக்கூடாதென்று ஓடுகிற ரயிலின் தபால் வண்டியிலேயே போட்டேன்.

தப்பா? கண்ணெதிரே நடப்பதைச் சொல்வது தப்பென்றால் பிறகு எதற்குக் கணக்கெழுதுகிறேன்?

12-3-1960, சனி

அக்காவின் டெபாசிட் தவணை முடிந்தது. எடுத்து ஜெயமங்களாவில் போட்டோம், இரண்டு வருடத் தவணைக்கு. கண்ணையன் குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா கேட்டாள்:

"உனக்கு நல்லாத் தெரியுமாடா தம்பி?"

"பேங்க்குல வேலை பாக்கறவன் நானா நீயா?" என்றேன்.

"அதுக்கில்லடா. அவரு கரியில வெந்து சேத்தது."

22-3-1960, செவ்வாய்

வந்துவிட்டது! என் கடுதாசி என்னிடமே வந்துவிட்டது!

வருகிற தபாலைப் பிரித்து ரெஜிஸ்டரில் பதிவது என் வேலை. ஹெட் ஆபீஸ் உறை. பிரித்தால் உள்ளே என் இடது கை எழுத்து. 'ஏஜெண்ட் விளக்கம் தரவும்' என்று மேலே ஒரு சீட்டு. என்ன புகார் எழுதினாலும் சம்பந்தப்பட்டவருக்கே அனுப்பி விளக்கம் கேட்பார்கள் என்பது பதினோரு வருடமாக எனக்குத் தெரியும். எத்தனை புகாரை நானே பதிந்திருக்கிறேன். புத்தி எங்கே போச்சு?

அனுப்பியவர் என்ற பத்தியில் 'பெயரில்லை' என்று எழுதினேன். இந்தத் தடவை வலது கையால்.

அரங்கநாதன் இரண்டு தடவை படித்தார். பொடி போட்டார். பிறகு அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"விருத்தாசலம், இதுக்குப் பதில் டிராஃப்ட் போடுங்க. தேதி, மணி எல்லாம் சரியா எழுதியிருக்கான். ஆள் கணக்குல கெட்டிக்காரன்தான். பதிலும் அதே மாதிரி சுத்தமா இருக்கணும்."

தெரிந்துதான் சொல்கிறாரா? தெரியாமலா? சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

24-3-1960, வியாழன்

இரண்டு நாளாக அந்த லெட்ஜரோடு உட்கார்ந்திருக்கிறேன். எட்டாயிரத்து எழுநூறும் அதில் இருக்கிறது.

கடன் வாங்கியவன் வட்டி கட்டாவிட்டாலும் அதை அவன் கணக்கில் பற்று எழுதி, வந்த மாதிரி லாபத்தில் சேர்ப்பது எங்கள் வழக்கம். நான்தான் எழுதுவேன். அந்த மாதிரி வராத வட்டி ஐயாயிரத்து இருநூறை இவர் லாபத்திலிருந்து கழித்திருக்கிறார். திரும்பி வருமா என்று சந்தேகமான கடன்களுக்காக இன்னொரு மூவாயிரத்து ஐந்நூறை ஒதுக்கியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பெயர், தேதி, காரணம். ஹெட் ஆபீஸ் ஒப்புதலும் இருக்கிறது.

"வராத வட்டிய வந்ததா எழுதிப் பங்கு பிரிச்சா அது லாபம் இல்ல. முதலையே புட்டுப் புட்டுத் தின்னறது. ஒருநாள் டெபாசிட்காரன் வந்து நிப்பான். அன்னிக்குப் புட்டுத் தர ஒண்ணும் இருக்காது" என்றார்.

"கிடங்கு விஷயம் சார்?" என்று கேட்டேன்.

அவர் இழுப்பறையைத் திறந்து கைக்குட்டை மூட்டையை எடுத்து என்முன் பிரித்தார். காய் மல்லாட்டை. எடுத்து உடைத்தேன். வண்டு துளைத்த சக்கை.

"மண்டி ஆள அவங்க பூட்டத் தொறக்கச் சொல்லி உள்ள போனேன். வெளி வரிசை எல்லாம் புதுச் சரக்கு. உள்ள இருந்த மூட்டைங்க ரெண்டு வருஷத்துப் பழசு. நூறு காய் உரிச்சேன். நாப்பத்து மூணுலதான் பருப்பு. நீங்க மாசா மாசம் போறீங்களே, எப்படி எண்ணுவீங்க?" என்று மறுபடி என் விரலைப் பார்த்தார். தூசியே படாத விரல்.

எப்படி எண்ணுவேன்? எல்லாரும் எண்ணுவது மாதிரிதான். வாசலில் நின்றுகொண்டு நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை, பெருக்கிக் கையெழுத்து. மூட்டையை இறக்கச் சொன்னால் கூலி யார் தருவது? வேட்டி அழுக்காகும் வேறு. பதினெட்டு மாத ஸ்டாக் ரிப்போர்ட். பதினெட்டிலும் என் கையெழுத்து.

"இத மேல எழுதினா மொதல்ல உங்க வேலைதான் போகும். அதான் சத்தம் போடாம அந்தாள வெளிய அனுப்பினேன். போன வாரம் ஜெயமங்களா செக்க வெச்சு நம்ம கடன அடைச்சிட்டான். அந்தச் சரக்கு இப்ப அவங்க பாடு."

ஜெயமங்களா. எண்பத்தைந்து ரூபாய் வீதம். அதே கிடங்கு, அதே சக்கை. அதற்குச் சில நாள் முன்னால்தானே அக்காவின் பணமும் அங்கே போயிற்று?

26-3-1960, சனி

கண்ணையனைப் பார்த்தேன். தவணைக்கு முன்னால் எடுக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஏன் சார், என்ன பேஜாரு? ஹெட் ஆபீஸுக்கு எழுதணும், காரணம் சொல்லணும். சும்மா கேட்டா குடுக்க மாட்டாங்க."

காரணம் நாக்கு நுனி வரை வந்தது. உள் மூட்டை பழசு என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். சொன்னால் பெரியதம்பி என் பதினெட்டு ரிப்போர்ட்டையும் எடுத்து நீட்டுவார். வேலை போனால் என் வீட்டில் நாலு வயிறு.

ரயிலில் யோசித்துப் பார்த்தேன். அரங்கநாதன் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது? லெட்ஜரை எனக்குக் காட்டுவதற்கென்றே எழுதியிருக்கலாம். மல்லாட்டையை வேறு எங்கிருந்தாவது கொண்டுவந்திருக்கலாம். ஏன் கூடாது? நூற்றுக்குப் பன்னிரண்டு லாபப் பங்கு தரும் பேங்க் அவ்வளவு சீக்கிரம் விழுமா?

நம்ப விரும்புவதை நம்புகிறேனோ. தெரியவில்லை. இன்றைக்கு இவ்வளவு போதும்.

13-4-1960, புதன்

அக்காவுக்கு முதல் வட்டி, இருபத்தாறு ரூபாய். வருடப் பிறப்புக்கு எனக்கு ஒரு துண்டு வாங்கி வந்தாள். "உன் புண்ணியத்துல ரெண்டு வேளை நெல்லுச்சோறுடா" என்றாள். துண்டை வாங்கிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

18-6-1960, சனி

அரங்கநாதனுக்கு ஹெட் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் பதவி வருவதாக இருந்தது. இன்று வேறொருவருக்குப் போயிற்று. 'புகார் விசாரணையில் இருந்தபடியால்' என்று கடிதத்தில் ஒரு வரி. அதையும் நான்தான் ரெஜிஸ்டரில் பதிந்தேன்.

9-8-1960, செவ்வாய்

கேரளத்தில் ஒரு பெரிய பேங்க்கை மூடிவிட்டார்களாம். பத்திரிகையைப் பிளாட்பாரத்தில் பத்துப் பேர் சேர்ந்து படிக்கிறார்கள். படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

10-8-1960, புதன்

காலை எட்டு மணிக்கே மண்டித் தெரு முனை வரை கூட்டம். மரக்காணத்திலிருந்து மீன்காரப் பெண்கள், கூடையோடு. முன்னால் நின்ற சௌந்தரம் என்பவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "ஜல்தியா குடுத்துடுங்க சாமி, எங்கள அலைய விடாதீங்க!"

ஷட்டரைப் பாதி இறக்கலாமா என்று கேட்டேன்.

"முழுசா ஏத்துங்க. தவணை முடியாததுக்கும் குடுங்க. யாரையும் ஏன்னு கேக்காதீங்க" என்றார் அரங்கநாதன்.

மதியத்துக்குள் பெட்டி காலி ஆகுமென்று நினைத்தேன். இரண்டு மணிக்கு ஹெட் ஆபீஸ் கார் வந்தது, டிரங்குப் பெட்டியில் நோட்டு. வருடா வருடம் பங்கு பிரிக்காமல் ஒதுக்கியதைச் சர்க்கார் பத்திரத்தில் போட்டிருந்தார்களாம், அதை ஈடு வைத்து வாங்கிய பணம். யாருக்கு ரிசர்வ் என்று கேட்டேனே, கூடையோடு நின்றவர்களுக்குத்தான். ஏழு மணி வரை கொடுத்தோம். ஒருவரும் வெறுங்கையோடு போகவில்லை.

12-8-1960, வெள்ளி

கூட்டம் கரைந்துவிட்டது. சௌந்தரம் முதல் ஆளாக வந்து பணத்தைத் திருப்பிப் போட்டாள். "வூட்ல வெச்சா பயம்மா இருக்குது சாமி."

விழுப்புரத்தில் ஜெயமங்களா காலை பத்துக்குத் திறந்து பதினொன்றுக்கு மூடினார்களாம். கண்ணையன் 'சில்லறை வந்துகொண்டிருக்கிறது' என்று போர்டு மாட்டியிருக்கிறார்.

17-8-1960, புதன்

முடிந்தது. சர்க்கார் உத்தரவு கதவில் ஒட்டியிருக்கிறது. ஜெயமங்களாவில் கொடுக்கல் வாங்கல் நிறுத்தம். ஆளுக்கு ஐம்பது ரூபாய் மட்டும். பெரியதம்பி கிடங்கை உடைத்துப் பார்த்தார்களாம். வெளி வரிசைகூட இல்லை, சக்கைதான். ஆள் மெட்ராஸில் என்கிறார்கள். அந்தப் பேங்க் பிரித்த பன்னிரண்டெல்லாம் வராத வட்டிதான். அடிபட்டால் தாங்க அடியில் முதலே இல்லை.

கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். அக்காவின் பணத்தை நான் ஜெயமங்களாவில் போட்டேன். ஜெயமங்களா அதைப் பெரியதம்பிக்குக் கொடுத்தது. பெரியதம்பி எங்கள் கடனை அடைத்தார். போன வாரம் சௌந்தரத்துக்கும் மற்றவர்களுக்கும் நான் எண்ணிக் கொடுத்த நோட்டில் அத்தானின் பணமும் இருந்திருக்கும்.

18-8-1960, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். மார்ச்சிலேயே எனக்குத் தெரியும் என்பதையும்.

"மார்ச்சுலயேவா?" என்றாள். அதை மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

அழவில்லை. திட்டியிருக்கலாம். அடுப்பில் இருந்த கேப்பைக் கூழைக் கிளறிக்கொண்டே இருந்தாள். மாதம் இருபத்தாறு ரூபாய் நான் தருகிறேன் என்றேன்.

"பதினாறு குடு. பழைய பேங்க்குல அதான வந்துக்கினு இருந்துச்சு. மேல வேணாம்."

20-8-1960, சனி

அரங்கநாதனிடம் போய் நின்றேன். அந்தக் கடுதாசியை எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும். நாலே காலுன்னு மணி போட்டு எழுதற ஆளு இந்தத் தாலூகாவிலயே நீங்க ஒருத்தர்தான்."

"மன்னிச்சிடுங்க சார்."

"மன்னிக்க மாட்டேன். அதுல என் பிரமோஷன் போச்சு, பொண்ணுக்குப் பேசின வரனும் தள்ளிப் போச்சு." பொடி டப்பாவை மூடினார். "நாளைக்கு ஞாயிறு. மூணு கிடங்கு இருக்கு. உள் மூட்டைய இறக்கி எண்ணணும். பழைய வேட்டி கட்டிக்கினு வாங்க."

21-8-1960, ஞாயிறு

போனேன்.

11-9-1961, திங்கள்

ஜெயமங்களாவை எங்கள் பேங்க்கோடு சேர்த்துவிட்டார்கள். விழுப்புரம் கிளை இன்று எங்கள் பெயரில் திறந்தது. அரங்கநாதன் ஏஜெண்ட், பழைய கணக்குகளை வாங்கிக்கொள்ள நான். டெபாசிட்காரர்களுக்கு இப்போதைக்கு ரூபாய்க்கு நாற்பத்தைந்து காசு. மீதி, கடன் வசூலானால், வசூலாகிற அளவு.

நூற்றுப் பன்னிரண்டாவது பெயர் அம்சவள்ளி. நாலாயிரத்து எண்ணூறு என்று இருந்ததைச் சிவப்பு மசியில் அடித்து இரண்டாயிரத்து நூற்று அறுபது என்று என் கையால் எழுதினேன்.

பத்து மணிக்கு வந்து வரிசையில் நின்றாள். முன்னால் வா என்று கண்ணால் கூப்பிட்டேன். வரவில்லை, முறை வந்தபோதுதான் வந்தாள். நோட்டை எண்ணித் தள்ளினேன். அங்கேயே நின்று, விரலை நனைத்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அப்புறம் நேரே ஏஜெண்ட் மேஜைக்குப் போனாள்.

"சார், இத எங்க போடறதுன்னு நீங்க சொல்லுங்க. வட்டி கம்மியானாலும் பரவால்ல."

அவர் புதுக் கணக்குக்கான ஃபாரத்தை எடுத்து நிரப்பினார். 'கணக்குத் தொடங்குபவரை நன்கு அறிந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்து வேண்டும், வழக்கம். "விருத்தாசலம், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கூப்பிட்டார். பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"வேற யாராவது போடட்டும் சார்" என்றாள் அக்கா.

பியூன் சிங்காரத்துக்கு அவளை இன்று காலையிலிருந்துதான் தெரியும். அவன் போட்டான்.